கூச்சலிட்டவர்களே முதலில் கேட்டவர்கள்

பதின்வயதுப் பெண்கள் கூடிக் கூச்சலிடும் பாடகர்கள் எவரும் நிலைப்பதில்லை என்றும், 1960களின் பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸ் நிலைத்ததுகூட அந்தப் பெண்கள் விலகி, இசை தெரிந்தவர்கள் அவர்களைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் என்றும் பலர் சொல்வதைக் குறிப்பிட்டு, இது எந்த அளவுக்குச் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதி தவறு என்பது என் கருத்து. ஆயினும் இந்தக் கதையை நானும் நெடுநாள் நம்பியவன்தான். பீட்டில்ஸின் பிற்கால இசைத்தட்டுகளையே முதலில் தேடித்தேடிக் கேட்டேன். 1963ஆம் ஆண்டின் பாடல்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று பல வருடங்கள் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆகவே யாரையும் குறை சொல்வதைவிட, அந்தக் கதை எப்படி உருவாயிற்று என்பதைப் பார்ப்பதே பயனுள்ளது.

லிவர்பூல் நகரின் மேத்யூ தெருவில், ஒரு கிடங்கின் நிலவறையில் 1957 ஜனவரியில் திறக்கப்பட்ட கேவர்ன் கிளப் முதலில் ஜாஸ் இசைக்கான இடமாக இருந்தது. ராக் அண்ட் ரோல் அங்கே விரும்பப்படவில்லை. காலம் மாறி, 1961 பிப்ரவரியிலிருந்து 1963 ஆகஸ்ட் வரை பீட்டில்ஸ் அங்கே ஏறத்தாழ 290 முறை வாசித்தார்கள். அவற்றில் பல, மதிய உணவு இடைவேளையில் நடந்த நிகழ்ச்சிகள். அந்த நேரத்தில் வந்தவர்களில் பெரும் பங்கினர் அக்கம்பக்கத்து அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்த இளம்பெண்கள். மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே சில அடி தூரமே இருந்த அந்த நிலவறையில், ஒரே குழுவை வாரத்துக்குப் பலமுறை கேட்டு, எந்தப் பாடல் தேறிவருகிறது, எது இன்னும் படியவில்லை என்று அறிந்திருந்தவர்கள் அவர்கள். 1961 நவம்பர் 9 அன்று பின்னர் அவர்களுடைய மேலாளரான பிரையன் எப்ஸ்டைன் இறங்கி வந்ததும் அப்படிப்பட்ட ஒரு மதிய வேளையில்தான். அவர் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர் வருவதற்கு முன்பே அந்த நிலவறை நிரம்பியிருந்தது.

அடுத்த இரண்டே மாதங்களில், 1962 ஜனவரி 1 அன்று, லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியது. கிட்டார் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று தமக்குக் காரணம் சொல்லப்பட்டதாக எப்ஸ்டைன் பின்னர் எழுதினார். காதைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு பக்கம், சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட தட்டச்சுப் பெண்கள் மறுபக்கம் என்று வைத்தால், யார் கணிப்பு பலித்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. பீட்டில்ஸின் இசைத்தட்டுகளை இங்கிலாந்தில் வெளியிட்ட இ.எம்.ஐ.யின் சொந்த அமெரிக்க நிறுவனமான கேப்பிடல், 1963இன் பெரும்பகுதி முழுவதும் அவற்றை வெளியிட மறுத்துவந்தது. ஆண்டின் இறுதியில்தான் மனம் மாறி, அடுத்த ஜனவரியில் ஒரு பாடலை வெளியிடுவதாக முடிவு செய்தது. இதற்கிடையே டிசம்பர் மாதத்தில் தொலைக்காட்சிச் செய்தியில் அவர்களைப் பார்த்த மேரிலாந்து மாநிலத்தின் 15 வயதுப் பெண் ஒருத்தி, இந்த இசை நமக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டு வாஷிங்டன் நகரின் வானொலி நிலையம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினாள். அங்கே இருந்த அறிவிப்பாளர் கரோல் ஜேம்ஸ், ஒரு விமானப் பணிப்பெண் மூலமாக இங்கிலாந்திலிருந்து இசைத்தட்டை வரவழைத்து, அந்தப் பெண்ணையே நிலையத்துக்கு அழைத்து, டிசம்பர் 17 அன்று பாடலை அறிவிக்கச் செய்தார். நேயர்களின் தொலைபேசி அழைப்புகள் ஓயவில்லை. கேப்பிடல் நிறுவனம் வெளியீட்டை டிசம்பர் 26க்கு முன்னுக்கு இழுத்தது. பள்ளி விடுமுறை நாட்களில் பாடல் வானொலிகளில் பரவி, 1964 பிப்ரவரி 1 அன்று முதலிடத்துக்கு வந்தது. எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்களை 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்ததாகச் சொல்லப்படும் அந்த பிப்ரவரி 9ஆம் தேதிக்கு முன்பே இது நடந்து முடிந்திருந்தது.

இனி, இந்தப் பெண்களைப் பற்றி அப்போது என்ன எழுதப்பட்டது என்று பார்க்கலாம். 1964 பிப்ரவரி இறுதியில் லண்டனின் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பால் ஜான்சன், பீட்டில்ஸ் மோகத்தை ஓர் ஆபத்தாகச் சித்திரித்து ஒரு கட்டுரை எழுதினார். அந்த நால்வரைச் சுற்றிக் கூடிக் கதறுவோர் தங்கள் தலைமுறையின் மந்தமானவர்கள், சோம்பேறிகள், தோற்றுப்போனவர்கள் என்பது அவருடைய தீர்ப்பு. தாமும் நண்பர்களும் 16 வயதில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை முதன்முதலாகக் கேட்ட பரவசத்தை அதே கட்டுரையில் அவர் நினைவுகூர்கிறார். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் வியப்பளிப்பது இந்த இடம்தான். 16 வயதுப் பையனின் பரவசம் அவருக்கு ரசனையின் தொடக்கமாகவும், 16 வயதுப் பெண்ணின் பரவசம் அறிவின்மையின் சான்றாகவும் தெரிகிறது. இரண்டும் ஒரே வயதின் பரவசம் என்பது அவர் கண்ணில் படவேயில்லை.

வசை பாடியவரை விட்டுவிடலாம். பாராட்டியவர் என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1963 டிசம்பர் 27 அன்று ‘தி டைம்ஸ்’ நாளிதழின் இசை விமர்சகர் வில்லியம் மேன், பீட்டில்ஸின் பாடல்களை எழுதிய ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி இருவரையும் அந்த ஆண்டின் தலைசிறந்த ஆங்கிலேய இசையமைப்பாளர்களாகக் கருதலாம் என்ற பொருளில் எழுதினார். அவர்களுடைய ஒரு பாடல் முடியும் விதத்தை செவ்விசை மேதை மாலரின் இசையோடு ஒப்பிட்டு, அதை ‘ஏயோலியன் கேடன்ஸ்’ என்று பெயரிட்டுச் சுட்டினார். (அந்தச் சொற்கள் ஏதோ அயல்நாட்டுப் பறவைகளின் பெயர் போல ஒலித்தன என்று லெனன் பிற்காலத்தில் சொன்னது தனிக்கதை.) மேனின் கட்டுரை நேர்மையானது, கூர்மையானது. ஆனால் அது தொடங்கும்போதே, கைப்பைகளிலும் பலூன்களிலும் இளம்பெண்களின் வெறிக்கூச்சலிலும் வெளிப்படும் சமூக நிகழ்வைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, இசையே தமக்குப் பொருள் என்று சொல்லி அந்தப் பெண்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. கலைஞனுக்கு மதிப்பளிப்பதற்கு முதலில் ரசிகையை அகற்ற வேண்டும் என்ற வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அந்த மெட்டு நன்றாக இருக்கிறது என்று அவருக்கு முன்பே கண்டவர்கள் அந்தப் பெண்கள். அவர்களிடம் இல்லாதது அதற்கான கலைச்சொல் மட்டுமே.

இந்த வழக்கம் 1963இல் பிறந்ததும் அன்று. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் 1841-42 குளிர்காலத்தில் பெர்லினில் வாசித்தபோது, அவருடைய கையுறைக்கும் கைக்குட்டைக்கும் பெண்கள் அடித்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. கவிஞர் ஹைனே 1844இல் அதற்கு ‘லிஸ்டோமேனியா’ என்று ஒரு நோயின் பெயரைப் போலப் பெயர் வைத்தார். நூற்று இருபது ஆண்டுகள் கழித்து வந்த ‘பீட்டில்மேனியா’வும் அதே வார்ப்பு. ஆங்கிலத்தில் ‘ஃபேன்’ என்ற சொல்லே வெறியரைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம் என்பது பொதுவான விளக்கம். நம்முடைய ‘ரசிகர்’ என்ற சொல்லோ சுவையறிந்தவர் என்று பொருள்படும். சபாவின் முன்வரிசையில் அமர்ந்து தலையாட்டும் பெரியவரும் ரசிகர்தான், சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பெண்ணும் ரசிகைதான். சொல்லில் இருக்கும் இந்தச் சமத்துவம் நம் நடைமுறையில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

லிவர்பூலுக்கே திரும்புவோம். ஜான்சனின் கட்டுரை வெளிவந்து ஏழு வாரங்களே ஆகியிருந்த ஏப்ரல் 18 அன்று, ஆன்ஃபீல்ட் மைதானத்தில் லிவர்பூல் கால்பந்து அணி ஆர்சனலை 5-0 என்று வீழ்த்தி லீக் பட்டத்தை வென்றது. பி.பி.சி.யின் ‘பனோரமா’ நிகழ்ச்சி அங்கே படம்பிடித்தது. ‘காப்’ என்று அழைக்கப்படும் நின்று பார்க்கும் படிமேடையில் நெருக்கியடித்து நின்ற ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் ஆண்கள், அலையலையாக ஆடிக்கொண்டே பீட்டில்ஸின் ‘ஷி லவ்ஸ் யூ’ பாடலை ஒரே குரலில் பாடுகிறார்கள். அதைப் பார்த்த செய்தியாளர், ஒரு மானுடவியல் அறிஞர் இங்கே வந்தால் தென்கடல் தீவு எதற்கும் குறையாத வளமும் புதிரும் உள்ள மக்கள் பண்பாட்டைக் காண்பார் என்று வர்ணித்தார். அதே நகரம், அதே ஆண்டு, அதே பாடல். ஆண்கள் பாடினால் ஆய்வுக்குரிய பண்பாடு, பெண்கள் கூவினால் சிகிச்சைக்குரிய வெறி என்பதாகவே இதை என்னால் படிக்க முடிகிறது.

அந்தப் பாடல்களின் அமைப்பையே எடுத்துக்கொண்டாலும் இளம்பெண்களின் கை அதில் தெரிகிறது. 1963இல் வந்த முதல் நெடுந்தட்டின் 14 பாடல்களில் ஆறு, பிறருடைய பாடல்கள். அந்த ஆறில் மூன்று, ஷிரெல்ஸ், குக்கீஸ் ஆகிய கறுப்பினப் பெண்கள் குழுக்கள் பாடியவை. அதே ஆண்டின் இரண்டாம் தட்டில் மார்வலெட்ஸ், டோனேஸ் குழுக்களின் பாடல்கள் இருக்கின்றன. ஷிரெல்ஸும் மார்வலெட்ஸும் பள்ளித் தோழிகளாகத் தொடங்கியவர்கள். முன்னே ஒருவர் பாடப் பின்னே இருவர் பதில் சொல்லும் முறை, கைதட்டல், தோழியிடம் அந்தரங்கம் பேசுவது போன்ற தொனி ஆகியவற்றை லெனனும் மெக்கார்ட்னியும் அங்கிருந்தும் கற்றார்கள். பையன்களைப் பற்றிப் பெண்கள் பாடிய ‘பாய்ஸ்’ பாடலைக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டார் பல்லவிகூட மாற்றாமல் உற்சாகமாகப் பாடியிருப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும், மகிழ்ச்சியும் வரும். ‘தேங்க் யூ கேர்ல்’ பாடலை எழுதியபோது, கடிதம் எழுதும் ரசிகைகள் அதைத் தங்களுக்கான நன்றியாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதை அறிந்தே எழுதியதாக மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். அதில் வியாபாரக் கணக்கு இருந்தது உண்மை. பாட்டு யாரோடு பேசுகிறது என்ற தெளிவும் அதே கணக்கில்தான் இருந்தது.

அடுத்து, பெண்களின் கூச்சலால்தான் பீட்டில்ஸ் மேடையை விட்டார்கள், விட்ட பிறகே கலைஞர்கள் ஆனார்கள் என்ற கதை. இதில் பாதி உண்மை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் சுமார் 55,600 பேர் கூடியபோது, பீட்டில்ஸிடம் இருந்தவை தனியாகச் செய்துவாங்கிய 100 வாட் ஒலிபெருக்கிகளும், ஆட்ட விவரம் அறிவிப்பதற்கென்று மைதானத்தில் பொருத்தியிருந்த ஒலிபெருக்கிகளும் மட்டுமே. வாசிப்பவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்கும் வசதி அன்று கிடையாது. இன்று அதே அளவு கூட்டம் அதே அளவு கூவினாலும் பாடகருக்குச் சுருதி தப்புவதில்லை. காதுக்குள் கருவி இருக்கிறது. குறை தொழில்நுட்பத்தில் இருந்தது, பழி பெண்கள் தொண்டையின் மேல் விழுந்தது. மேலும், 1966ஆம் ஆண்டின் பயணத்தைக் கசப்பாக்கியவை வேறு. டோக்கியோவின் புடோகான் அரங்கில் பாடக் கூடாது என்று தேசியவாதிகளின் மிரட்டல் வந்தது. மணிலாவில் அதிபர் மனைவியின் விருந்துக்குப் போகவில்லை என்று விமான நிலையத்தில் நெட்டித்தள்ளினார்கள். தாங்கள் ஏசுவைவிடப் பிரபலம் என்று லெனன் சொன்னதற்காக அமெரிக்கத் தென்மாநிலங்களில் இசைத்தட்டுகளைக் கொளுத்தினார்கள். அந்தக் கடைசிப் பகைக்குத் தீ மூட்டியவர்கள் வானொலி அறிவிப்பாளர்களான ஆண்கள்.

1966 ஆகஸ்ட் 29 சான் பிரான்சிஸ்கோ நிகழ்ச்சியோடு மேடை முடிந்தது. 1967 ஜூனில் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வந்தது. ஆண்டின் சிறந்த தட்டுக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் ராக் தட்டு என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தொடங்கியது. அந்தக் காலத்தில்தான் ‘பாப்’ வேறு, ‘ராக்’ வேறு என்ற பிரிவினை உறுதிப்பட்டது. முன்னது சிறுமிகளுக்கு, பின்னது சிந்திப்பவர்களுக்கு. எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம் ஆண்கள். பீட்டில்ஸை அவர்கள் ‘பாப்’ வீட்டிலிருந்து ‘ராக்’ வீட்டுக்குக் குடிமாற்றினார்கள். பழைய வீட்டில் இருந்தவர்களை யாரும் உடன் அழைக்கவில்லை.

அவர்கள் எங்கேயாவது போய்விட்டார்களா என்றால், எளிய கணக்குப் போட்டாலே விடை தெரியும். 1964இல் 15 வயதாக இருந்த பெண்ணுக்கு 1967இல் 18 வயது. ‘ஷி லவ்ஸ் யூ’ வாங்கியவளே கல்லூரி விடுதி அறையில் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வைத்துக் கேட்டாள். பாடகர்கள் வளர்ந்தார்கள் என்று எழுதியவர்களுக்கு, ரசிகைகளும் வளர்வார்கள் என்பது தோன்றவில்லை. பதின்வயது என்பது ஏதோ ஒரு சாதி, பிறந்தால் அதிலேயே இருந்து சாக வேண்டும் என்பது போல எழுதினார்கள். ஃபிராங்க் சினாட்ரா கதையும் இதுவே. 1944 அக்டோபரில் நியூயார்க்கின் பாரமவுன்ட் திரையரங்கைச் சுற்றி 30,000 பேருக்குக் குறையாத கூட்டம், பெரும்பாலும் பள்ளிப் பெண்கள், போக்குவரத்தை நிறுத்தியபோது அவர் ஒரு விளையாட்டுப் பொருளாகவே பார்க்கப்பட்டார். 1950ஐ ஒட்டிச் சரிந்து, மீண்டு எழுந்து, 50களின் பிற்பகுதியில் அவர் பாடிய தனிமைப் பாடல்கள் பெரியவர்களின் இசை என்று கொண்டாடப்பட்டன. அந்தப் பெரியவர்களில் பலர், பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் பாரமவுன்ட் வாசலில் நின்றவர்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட கருத்தில் உண்மை எங்கே இருக்கிறது என்றால், இளம்பெண்கள் விரும்பிய எல்லோரும் நிலைக்கவில்லை என்பதில் இருக்கிறது. எடின்பரோவின் பே சிட்டி ரோலர்ஸ் குழு 1975இல் கட்டம்போட்ட ஸ்காட்லாந்துத் துணியோடு பிரிட்டனையே கலக்கியது. சில ஆண்டுகளில் கூட்டம் கரைந்தது. அவர்களுடைய தொடக்க கால வெற்றிகளில் பெரும்பாலானவை பிறர் எழுதிய பாடல்கள். முதலிடம் பிடித்த ‘பை பை பேபி’ ஃபோர் சீசன்ஸ் குழு பாடியிருந்த பழைய பாட்டு. அடுத்த கட்டத்துக்குப் போகத் தங்கள் கையில் சரக்கு வேண்டும். அது பீட்டில்ஸிடம் இருந்தது. ஆனால் இந்த விதி ரசிகைகளுக்கு மட்டும் உரியது அன்று. 60களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மாணவர்களின் மதிப்பைப் பெற்றிருந்த ‘டிராட் ஜாஸ்’ எனப்பட்ட பழைய பாணி ஜாஸ் குழுக்களில் இன்று எத்தனை பேரைப் பொதுமக்களுக்குத் தெரியும்? ஆண்களின் ரசனையில் தேறாதவை மறதிக்குப் போகின்றன, பெண்களின் ரசனையில் தேறாதவை மட்டும் சான்றாக நிறுத்தப்படுகின்றன. ஒன் டைரக்ஷன் குழுவிலிருந்து வந்த ஹாரி ஸ்டைல்ஸ் 2017இல் ஒரு பேட்டியில், இளம்பெண்களின் ரசனை முப்பது வயது ஆணின் ரசனையைவிடத் தாழ்ந்தது என்று சொல்ல யாருக்கு உரிமை, பீட்டில்ஸை விரும்பியவர்களும் அவர்கள்தானே என்று கேட்டார். 2023இல் அவருக்கும் ஆண்டின் சிறந்த தட்டுக்கான கிராமி கிடைத்தது.

நிலைத்த புகழ் என்பது தானாக நிலைப்பதில்லை. யாராவது உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கேவர்னுக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த ஃப்ரீடா கெல்லி, 17 வயதில் எப்ஸ்டைனிடம் செயலராகச் சேர்ந்து, பீட்டில்ஸ் ரசிகர் மன்றத்தைச் சுமார் பத்து ஆண்டுகள் நடத்தினார். மூட்டை மூட்டையாக வந்த கடிதங்களுக்குப் பதில் போனது. ஒரு சிறுமி, ரிங்கோ ஒரு நாள் தலைவைத்துத் தூங்கித் திருப்பித் தர வேண்டும் என்று தலையணை உறை ஒன்றை அனுப்பிவைக்க, கெல்லி அதை ரிங்கோவின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அப்படியே செய்வித்துத் திருப்பி அனுப்பினார். இதைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் பழைய நுழைவுச் சீட்டு, கடிதம், புகைப்படம், மன்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் அனுப்பப்பட்ட கிறிஸ்துமஸ் தட்டு என்று எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு நாற்பது ஐம்பது ஆண்டுகள் காத்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டியவர்களில் அந்தச் சிறுமிகளின் பங்கு பெரிது. 2023 நவம்பரில் பீட்டில்ஸின் பெயரில் வந்த பாடல் ஒன்று, 54 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது என்றால், அந்த இடைவெளியில் பாட்டை வீட்டுக்குள் உயிரோடு வைத்திருந்தவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஓர் ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள். 1968 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் அபி ரோட்டில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸின் ‘அக்ராஸ் தி யூனிவர்ஸ்’ பாடல் பதிவாகிக்கொண்டிருந்தது. உச்சத்தில் ஒரு துணைக்குரல் வேண்டும் என்று தோன்றியது. மெக்கார்ட்னி வெளியே வந்து, எப்போதும் போல வாசலில் காத்திருந்த ரசிகைகளிடம், உயர்ந்த சுருதியைப் பிடித்து நிறுத்தக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். பிரேசிலிலிருந்து வந்திருந்த 16 வயதுப் பெண் ஒருத்தியும் லண்டனைச் சேர்ந்த 17 வயதுப் பெண் ஒருத்தியும் உள்ளே போய்ப் பாடினார்கள். 1969 டிசம்பரில் வனவிலங்கு நிதிக்காக வெளியான தட்டில் அவர்கள் குரல் இருக்கிறது. 1970இல் ‘லெட் இட் பீ’ தட்டுக்காக இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அதே பதிவை எடுத்து, அந்த இரு குரல்களையும் நீக்கிவிட்டு, வாத்தியக் குழுவையும் தொழில்முறைப் பாடகர் குழுவையும் சேர்த்தார். உலகம் பெரும்பாலும் கேட்டுவருவது அந்த வடிவத்தைத்தான். 2003இல் ஸ்பெக்டரின் சேர்க்கைகளைக் களைந்து புதிதாக வெளியிட்டபோதும் அந்தப் பெண்கள் திரும்பி வரவில்லை. அவர்களைக் கேட்க வேண்டுமானால், தனித்தட்டுகளையும் உதிரிப் பதிவுகளையும் திரட்டி 1988இல் வெளியிட்ட தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், பறவைகள் சிறகடிக்கும் ஒலியோடு தொடங்கும் வடிவத்தைத் தேடி எடுக்க வேண்டும்.